கணவர் பெயரில் ஒரு மாரடைப்பு

மகளிர் இதய நல மையத்துக்கு ரோஜா நிறம் அடிப்பதா, கத்தரிப்பூ நிறம் அடிப்பதா என்று முடிவு செய்யத் தனியாக ஒரு குழு போட்டார்கள். குழுவில் இருந்த அத்தனை பேரும் ஆண்கள். பெண்களுக்கு ரோஜாதான் பிடிக்கும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு சிரிக்கும் இதயத்தைச் செய்து வைத்து, அதற்குக் கண்ணிமையும் உதட்டுச் சாயமும் வரைந்தார்கள். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு மாரடைப்பு வரும் ஆபத்து எவ்வளவு என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வதற்காகவே பிறந்த மையம் அது. கணித்தும் சொன்னது. எப்படிச் சொன்னது என்பதுதான் கதை. கேட்டு வயிறு எரிந்தால் அதற்கும் அங்கே ஒரு பிரிவு இருக்கிறது.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஐம்பத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி. பிள்ளைகளும் பெற்றவர்களும் வேன்காரம்மா என்று கூப்பிட்டுப் பழகி, வீட்டுக்காரரே சில சமயம் அப்படித்தான் கூப்பிடுவார். ஒரு நாள் காலை வளைவில் வண்டியைத் திருப்பும்போது அவளுடைய தாடையை யாரோ உள்ளேயிருந்து இறுக்கிப் பிடித்த மாதிரி வலித்தது. வலி முதுகுக்கு இறங்கியது. மூச்சு பாதியில் நின்றது. வியர்வையில் சட்டை நனைந்துவிட்டது. வண்டியை ஓரம் கட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். பின்னால் பிள்ளைகள் ஜன்னலோரச் சீட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

வலி தானாக விட்டது. அவள் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, நேராக மேனேஜரிடம் போய்ச் சாவியை மேஜைமேல் வைத்தாள்.

"எனக்கு நெஞ்சுல ஏதோ கோளாறுன்னு தோணுது சார். என்னன்னு தெரியாம இனிமே பிள்ளைங்களை ஏத்த மாட்டேன். நான் போனாப் போறேன், வண்டியோட அதுங்களையும் சேத்துக் கொண்டு போக முடியாது."

அப்படித்தான் அவள் அந்த ரோஜாக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தாள்.

மையத்தின் தலைவரைப் பெரிய டாக்டர் என்பார்கள். அவர் ஒரு விதி வைத்திருந்தார். நோயாளிகள் பேசக் கூடாது. பேசினால் கதை சொல்வார்கள், பெண்களாக இருந்தால் தொடர்கதை சொல்வார்கள், நேரம் வீண். எனவே வாசலில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். "வலிக்கிற இடத்துல கை வைங்க" என்பார். கை எங்கே போகிறதோ அந்தப் பிரிவின் நிறத்தில் ஒரு பட்டையை எடுத்து மணிக்கட்டில் கட்டி அனுப்பிவிடுவார். நெஞ்சில் உள்ளங்கை போனால் மட்டும் சிவப்புப் பட்டை. பெரிய டாக்டர் தன் வாழ்நாளில் பார்த்த மாரடைப்புக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் கை வைத்தார்களாம். அவர்கள் எல்லோரும் ஆண்கள் என்பதை அவர் கவனிக்கவில்லை, அல்லது கவனித்து நியாயம் என்று நினைத்துக்கொண்டார்.

வேன்காரம்மா தாடையில் கை வைத்தாள். நீலப் பட்டை கட்டினார்கள். நீலம் பல் பிரிவு.

"இது பல் வலி இல்லைங்க. மூச்சும் வாங்குது" என்றாள்.

"மூச்சுல கை வைக்க முடியாதேம்மா" என்றார் வாசல்காரர். அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார்.

பல் டாக்டர் அவளுடைய வாயை முழுக்கப் பார்த்துவிட்டு, எல்லாப் பற்களும் நன்றாக இருப்பதாகப் பாராட்டினார். பிறகு கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார். ஏன் என்று பஞ்சைக் கடித்துக்கொண்டே அவள் கேட்டபோது, "நீலப் பட்டையோட வந்தவங்களை ஒண்ணும் பண்ணாம அனுப்பினா, என் பிரிவுக்கு வேலை இல்லைன்னு மூடிடுவாங்கம்மா" என்று மனம்விட்டுச் சொன்னார்.

மறுநாளும் வலி வந்தது. வாசலில் முதுகைக் காட்டினாள். பச்சைப் பட்டை கட்டி எலும்புப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே கழுத்துக்கு ஒரு பெல்ட்டை மாட்டி, இனி வேன் ஓட்டும்போது திரும்பிப் பார்க்காதீர்கள் என்றார்கள். அடுத்த முறை குமட்டல் என்று மேல்வயிற்றைத் தொட்டாள். மஞ்சள் பட்டை, ஒரு பாட்டில் மருந்து. அதற்கடுத்த முறை எதைக் காட்டுவதென்று தெரியாமல் கையை விரித்துக் காட்டினாள். அதற்கும் ஒரு நிறம் வைத்திருந்தார்கள். வெள்ளைப் பட்டை, மனநலப் பிரிவு. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்களா, வீட்டில் தனியாக இருக்கிறீர்களா என்று அங்கே கனிவாகக் கேட்டார்கள். தினமும் நாற்பது பிள்ளைகள் என் வண்டியில் கத்துகிறார்கள், தனிமை கிடைத்தால் சொல்லுங்கள் என்றாள் அவள். இந்தக் கோபம்தான் அறிகுறி என்று குறித்துக்கொண்டார்கள்.

ஆனாலும் அவள் விடவில்லை. வாயில் ஓட்டை, கழுத்தில் பெல்ட், கையில் மருந்து பாட்டிலோடு பெரிய டாக்டரின் அறை வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். இதய ஆபத்தைக் கணித்துச் சொல்லும் மையத்தில் அதை மட்டும் இன்னும் யாரும் செய்யவில்லையே என்று கேட்டாள். கேட்டது நியாயமாக இருந்ததால் எல்லோருக்கும் எரிச்சல் வந்தது. கடைசியில் கணிப்பு அறைக்கு அழைத்துப் போனார்கள்.

அங்கே ஒரு கணிப்பாளர் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"மாதவிலக்கு எந்த வயசுல நின்னுச்சு?"

"நாப்பத்துநாலுல."

"கம்ப்யூட்டர் அம்பதுக்குக் கீழ எடுக்காது. அம்பதுன்னு போட்டுக்கறேன்."

"சீக்கிரம் நின்னா நெஞ்சுக்கு ஆபத்து அதிகம்னு படிச்சேனே. அது உண்மையா?"

"உண்மைதான். அதனாலதான் அம்பதுன்னு போடறேன். உங்களுக்கு நல்லதுதானே."

"ரெண்டாவது பிரசவத்துல எனக்கு பிரஷர் ஏகமா ஏறி, பொழைச்சதே பெரிசுன்னாங்க. அதைப் போட்டுக்குங்க."

கணிப்பாளர் திரையை மேலும் கீழும் தேடினார். "பிரசவத்துக்கு இதுல இடமே இல்லைம்மா. இது இதயத்துக்கான புரோகிராம். சரி, குடும்பத்துல யாருக்காவது மாரடைப்பு?"

"எங்கம்மா அம்பத்தாறுல திடீர்னு போயிட்டாங்க. வாயுன்னு எழுதிட்டாங்க."

"எழுதினது வாயுன்னா வாயுதான். அப்பா?"

"அப்பா நல்லா இருக்கார்."

"அருமை" என்று அப்பாவைப் பதிந்துகொண்டார்.

அந்த நேரம் பெரிய டாக்டரே உள்ளே வந்தார். பின்னால் பயிற்சி மாணவர்கள் கூட்டமாக நின்றார்கள். கேள்வி கேட்கும் ஒரு நோயாளி கிடைத்தால் அவருக்குச் சொற்பொழிவு வந்துவிடும்.

"பெண்ணின் இதயம் மிகவும் சாதுவானது" என்று ஆரம்பித்தார். "இந்தக் கணக்கைப் போட நாங்க ஆயிரக்கணக்கான ஆண்களை வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணோம். பெண்களை ஏன் சேக்கலைன்னு சில பேர் கேக்கறாங்க. பெண்களுக்கு ஹார்மோன் மாறிக்கிட்டே இருக்கும். அவங்களைச் சேத்தா கணக்கு கெட்டுப் போயிடும். அதனால பெண்களோட தொந்தரவு இல்லாம, பெண்களுக்காகச் சுத்தமா ஒரு கணக்குப் போட்டோம். ஆணுக்கு வர்றதுல பாதி எடுத்தா பெண்."

வேன்காரம்மா கழுத்து பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டாள். "அந்த ஹார்மோன் இருக்கிற வரைக்கும் நெஞ்சுக்குக் காவல்னு சொல்றாங்க டாக்டர். எனக்குத்தான் அது நின்னு ஒம்போது வருஷம் ஆச்சே. அப்புறமும் ஏன் பாதி?"

மாணவர்கள் பெரிய டாக்டரைப் பார்த்தார்கள். அவர் புன்னகை செய்தார்.

"அதான் நின்னுடுச்சேம்மா. அப்புறம் என்ன தொந்தரவு?"

கணிப்பாளர் ஒரு பொத்தானை அழுத்தினார். ஆபத்து இரண்டு சதவீதம் என்று வந்தது. அவளுடைய சட்டையில் 'என் இதயம் சிரிக்கிறது' என்ற ரோஜா வில்லையைக் குத்தி, எல்லோரும் கை தட்டினார்கள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அழுதால் வெள்ளைப் பட்டை கட்டிவிடுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்று அவளை அழைத்துப்போக வீட்டுக்காரர் வந்திருந்தார். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர். வாசலில் நின்று, எந்த மாடி என்று பலகையைப் படிப்பதற்காகச் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுக்கக் கையைக் கொண்டுபோனார். சட்டைப் பை எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். கண்ணாடி பையில் சிக்கிக்கொண்டதால் லேசாகக் குனிந்தும் தொலைத்தார்.

வாசல்காரர் அவசர மணியை அடித்தார். நாலு பேர் ஓடிவந்து அவரைத் தூக்கிப் படுக்க வைத்து உருட்டிக்கொண்டு போனார்கள். அவள் மாடியில் இருந்த ஆண்களின் இதயப் பிரிவுக்கு ஓடிப்போய்ப் பார்த்தபோது, குளிரூட்டப்பட்ட அறையில் ஏழாம் நம்பர் கட்டிலில், கழுத்துவரை போர்வையோடு விழித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணுமில்லைம்மா. கண்ணாடி எடுக்கத்தான் கையை விட்டேன்."

"அதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். ஒண்ணுமில்லைன்னு சொல்றதுதான் முதல் அறிகுறியாம். நீ இத்தனை நாள் இருக்குன்னு சொன்னே, அதனால உனக்கு இல்லைபோல."

சிவப்புப் பட்டையை மட்டும் கையில் கட்டமாட்டார்கள், கட்டில் கம்பியில் கட்டுவார்கள். அவசரத்தில் நோயாளி மாறிப்போகலாம், கட்டில் மாறாது என்பது பெரிய டாக்டரின் இன்னொரு விதி. வீட்டுக்காரர் பாத்ரூம் போய்விட்டு வருவதாக இறங்கிப் போனார். அவர் கதவைச் சாத்திய கையோடு அவளுக்கு வலி வந்தது. இந்த முறை அது விளையாட்டாக வரவில்லை. தாடை, முதுகு, இடது தோள் எல்லாம் சேர்ந்து இறுகின. நிற்க முடியாமல் அந்தக் கட்டிலிலேயே சாய்ந்துவிட்டாள்.

ஈ.சி.ஜி. எடுக்கிற பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கட்டில் நம்பரைப் பார்த்தாள், பட்டையைப் பார்த்தாள், ஒயர்களை எடுத்தாள்.

"நான் அவரோட மனைவிம்மா" என்றாள் வேன்காரம்மா, வராத மூச்சில்.

"இது ஏழாம் நம்பர் கட்டில்தானே?"

"ஆமா."

"அப்போ அசையாம படுங்க சார்."

மெஷினிலிருந்து தாள் வந்தது. அதைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. அடுத்த நொடி அறை முழுக்க ஆட்கள். ஒருவர் ஊசி போட்டார், ஒருவர் மாத்திரையைக் கடித்துத் தின்னச் சொன்னார், ஒருவர் ஆக்சிஜனை மாட்டினார். "பயப்படாதீங்க சார், அடைப்பு இருக்கு, உடனே எடுத்துடலாம் சார்" என்று சொல்லிக்கொண்டே தள்ளிக்கொண்டு ஓடினார்கள். எவ்வளவு சுறுசுறுப்பு, எவ்வளவு திறமை. இந்தக் கைகள் எல்லாம் இத்தனை நாளும் இதே கட்டடத்தில்தான் இருந்தன. அவளுக்கு வலியை மீறிக் கோபம் வந்தது.

அடைப்பு எடுக்கும் அறையின் வாசலில் பெரிய டாக்டர் தாளை ஆராய்ந்துகொண்டிருந்தார். "உயிர் போற நிலைமை. ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது" என்றார். பிறகு கட்டிலைப் பார்த்தார். சட்டையில் இருந்த ரோஜா வில்லையைப் பார்த்தார். கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார்.

"இது பெண்."

கூட ஓடிவந்திருந்த கணிப்பாளர் பக்கம் திரும்பினார்.

"இவங்களோட கணிப்பு என்ன?"

"ரெண்டு சதவீதம் டாக்டர்" என்றார் கணிப்பாளர்.

"ரெண்டு சதவீதம் உள்ளவங்களுக்கு இப்படி வராது. மெஷின்ல கோளாறு. இவங்களை மனநலப் பிரிவுக்கு மாத்துங்க, மெஷினை ரிப்பேருக்கு அனுப்புங்க. இதுல கட்டில் ஏழு, ஆண், வயசு அம்பத்தெட்டுன்னு இருக்கே, அந்த நோயாளி எங்கே? அவரைத் தேடுங்க. அவர் செத்துக்கிட்டிருக்கார்."

அந்த நோயாளி ஈரக் கையோடு ஓடிவந்துகொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்தாள். முப்பது வருஷமாகத் தெரிந்த மனிதர், மின்சார ஆபீஸில்கூட வரிசையில் பின்னால் தள்ளப்படுகிறவர். அவருக்கு நிலைமை புரிந்துவிட்டது. அவர் பெரிய டாக்டரின் முன்னால் போய் நின்றார்.

"கட்டில் ஏழு நான்தான். உங்க முன்னாடி படுத்திருக்கறதும் நான்தான். எனக்கு உடனே அடைப்பை எடுங்க."

பெரிய டாக்டர் கட்டிலைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "ஆண்தானே?"

"ஆண்தான். அம்பத்தெட்டு வயசு. எங்க கையெழுத்துப் போடணும்?"

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா? எவ்வளவு நேரம் வீணாப் போச்சு" என்று கடிந்துகொண்டார் பெரிய டாக்டர். அவருக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. பொய்தான், ஆனால் தாளோடு ஒத்துப்போகிற பொய். வீட்டுக்காரர் தன் பெயரில் கையெழுத்துப் போட்டார். கட்டில் உள்ளே போனது. வேன்காரம்மாவின் இதயத்துக்குப் போகும் குழாயில் கிட்டத்தட்ட முழுசாக அடைத்திருந்ததைத் திறந்து, ஸ்டென்ட் என்ற சின்ன உலோகக் குழலை வைத்தார்கள். வேலை சுத்தமாக இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும்.

அவள் பிழைத்துக்கொண்டாள். அவளுடைய வீட்டுக்காரர் இதய நோயாளி ஆனார். மாத்திரைகள் அவர் பெயரில் வந்தன, அவள் சாப்பிட்டாள். மறுபரிசோதனைக்கு அவரைக் கூப்பிட்டார்கள், அவர் நாற்காலியில் உட்கார்ந்து அவளுக்கு என்ன செய்கிறது என்று எழுதிவந்ததைப் படித்தார். டாக்டர் அவரிடம் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, அவள் பக்கம் திரும்பி, "சாரை நல்லாப் பாத்துக்குங்கம்மா, உங்களுக்கென்ன, நீங்க நல்லா இருக்கீங்க" என்பார். வேன் சாவி மட்டும் திரும்பி வரவில்லை. ஓட்டலாமா கூடாதா என்று அவளைச் சோதித்துச் சொல்ல அங்கே ஒரு டாக்டரும் இல்லை. இல்லாத நோய்க்கு யார் சோதனை செய்வார்கள்? அவளுக்கு அந்த வண்டி வேண்டும். அதற்கு முதலில் அவளுக்கு நோய் வந்தது என்று யாராவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

மையத்துக்கு ஒரு வயது நிறைந்தபோது விழா எடுத்தார்கள். பழைய நோயாளிகளையும் குடும்பத்தையும் கூப்பிட்டிருந்தார்கள். பெரிய டாக்டர் மைக்கைப் பிடித்தார்.

"இந்த ஒரு வருஷத்துல ஏராளமான பெண்களைக் கணிச்சோம். எங்க கட்டடத்துல ஒரு பெண்ணுக்குக்கூட மாரடைப்பு வரலைங்கறதைப் பெருமையோடு சொல்லிக்கறேன். சில பேர் வீட்டுக்குப் போனப்புறம் இறந்திருக்காங்க. அது வீட்டுல நடந்தது, அதுல நாங்க தலையிட முடியாது. ஆக, எங்க கணிப்பு நூத்துக்கு நூறு சரி. பெண்களுக்கு வராத நோய்க்கு ஒரு கட்டடம் எதுக்குன்னு யோசிச்சோம். அடுத்த மாசத்துலேருந்து இது ஆண்களோட இதயப் பிரிவுக்குக் கூடுதல் இடமாகுது. பெயின்ட் மட்டும் மாத்தணும்."

கை தட்டினார்கள். பெண்களும் சேர்ந்துதான் தட்டினார்கள், சுற்றியிருப்பவர்கள் தட்டும்போது சும்மா இருக்க முடியாதல்லவா. வேன்காரம்மா எழுந்து நின்றாள்.

"எனக்கு வந்துச்சு டாக்டர். இங்கதான் வந்துச்சு. நீங்கதான் ஸ்டென்ட் வச்சீங்க."

"உட்காருங்கம்மா. இந்த வயசுல இப்படிப் படபடப்பு வர்றது சகஜம்" என்றார் பெரிய டாக்டர். "நாங்க வச்சது உங்க வீட்டுக்காரருக்கு."

வீட்டுக்காரரும் எழுந்தார். "எனக்கு ஒரு மண்ணும் இல்லை. படம் பிடிச்சுப் பாத்துக்குங்க. இரும்பு அவ நெஞ்சுல இருக்கு."

மேடையில் ஒரு சலசலப்பு. நிர்வாக அதிகாரி மைக்கை வாங்கினார். அவருக்குச் சட்டம் தெரியும் என்று அந்த மையத்தில் பெயர்.

"நீங்க சொல்றது உண்மைன்னா, ரெண்டு பேரும் ஒப்புக்கறது என்ன தெரியுமா? ஆள்மாறாட்டம். ஒரு ஆணுக்கு ஒதுக்கின சிகிச்சையை ஒரு பெண் எடுத்துக்கிட்டிருக்கீங்க. இதுக்கு நாங்க கேஸ் போடுவோம். ஜெயில்கூட உண்டு."

அவர் நினைத்தது அவள் பயந்து உட்கார்ந்துவிடுவாள் என்று. அவளோ நடந்துபோய் மேடைக்குக் கீழே நின்றாள்.

"போடுங்க. நாளைக்கே போடுங்க. கேஸ் போடணும்னா, இந்தத் தேதியில, இந்தக் கட்டடத்துல, இந்தப் பெண்ணுக்கு மாரடைப்பு வந்துச்சுன்னு நீங்கதான் எழுதிக் கையெழுத்துப் போடணும். அதைத்தான் நானும் மாசக்கணக்கா கேட்டுக்கிட்டிருக்கேன்."

நிர்வாக அதிகாரி மைக்கைக் கீழே இறக்கிவிட்டார். பெரிய டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டம் கலைந்துவிட்டதாக யாரோ அறிவித்தார்கள்.

மறு வாரம் அவள் நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போய், என்மேல் கேஸ் எப்போது போடுகிறீர்கள் என்று கேட்டாள். பரிசீலனையில் இருக்கிறது என்றார். அதற்கடுத்த வாரமும் போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள். ஒரு நாள் அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எதுக்கும்மா இந்தப் பிடிவாதம்? எப்படியோ பொழைச்சுட்டீங்க. யாரும் உங்களை எதுவும் செய்யப் போறதில்லை. பேசாம வீட்டுல இருக்கலாமே."

"நான் பொழைச்சது என் புருஷன் பேர்ல சார்" என்றாள் அவள். "இப்போ வரும்போது பாத்தேன், வாசல்ல ஒருத்தி தாடையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா. தனியா வந்திருக்கா, கூட ஆள் இல்லை. அவ யார் பேர்ல பொழைப்பா?"

அவர் போய்க் கதவைத் திறந்துவிட்டார். அவள் பதில் வரும்வரை இருப்பதாகச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.